போஸ்ட்டாக் செமினாருக்கு அழைப்பு வந்துவிட்டது, என்ன பேசுவது?

கேள்வி: ஐயா, தென் தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் பிஎச்.டி. செய்கிறேன். தீசிஸ் கொடுத்துவிட்டேன், வைவா (வாய்மொழித் தேர்வு) இன்னும் நடக்கவில்லை. இரண்டு க்யூபிட்களுக்கு (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகள்) இடையிலான என்டாங்கிள்மென்ட், அதாவது குவாண்டம் பின்னல், இரைச்சலில் எப்படி அழிகிறது, அதை எப்படித் தள்ளிப்போடலாம் என்பதுதான் என் ஆய்வு. நான்கு பேப்பர் வந்திருக்கிறது. போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) கேட்டு அறுபதுக்கும் மேல் மின்னஞ்சல் அனுப்பினேன். பதிலே இல்லை. இப்போது ஒரே ஒரு ஐரோப்பியக் குழு, மூன்று வாரம் கழித்து ஆன்லைனில் 45 நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறது. கேள்விக்கு 15 நிமிடம். 58 ஸ்லைடு தயாராக வைத்திருக்கிறேன். என் ஆங்கிலம் சுமார்தான். அவர்கள் நிஜமான குவாண்டம் கருவிகளோடு வேலை செய்கிறவர்கள், நான் பேப்பரும் பேனாவும். இதற்கிடையில் ஊருக்குப் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர் வேலை தருகிறார்கள். "கைக்கு வந்ததை விட்டுவிடாதே" என்கிறார் அம்மா. நான் என்ன செய்யட்டும்?

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள்மேல் இரக்கப்பட்டு அவர்கள் கூப்பிடவில்லை. பேராசிரியர், போஸ்ட்டாக், மாணவர்கள் என்று ஒரு குழுவே ஒரு மணி நேரம் வேலையை நிறுத்திவிட்டு உட்காருவது லேசான காரியமில்லை. போஸ்ட்டாக் தேர்வுக் குழுக்களில் நான் பல வருடம் இருந்திருக்கிறேன். வருகிற விண்ணப்பங்களில் பெரும்பாலானவை முதல் பார்வையிலேயே ஒதுங்கிவிடும். மிஞ்சியவற்றில் பேப்பரைத் திறந்து ஒருவராவது படித்துப் பார்த்த பிறகுதான் "இவரைப் பேசச் சொல்லிக் கேட்போமா?" என்ற பேச்சே எழும். ஆக, உங்கள் பேப்பரை அங்கே யாரோ படித்திருக்கிறார். உங்களுக்குக் கணக்குப் போட வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. செய்த வேலை உங்களுக்கு உள்ளங்கை நெல்லிக்கனியாக இருக்கிறதா, நாளைக்கு அவர்கள் போர்டு முன்னால் நின்று யோசிக்கும்போது நீங்களும் சேர்ந்து யோசிப்பீர்களா என்பதுதான் இனி அவர்கள் பார்க்கப்போவது. ஸ்லைடுகளின் எண்ணிக்கை இதற்கு விடை சொல்லாது.

அதனால் அந்த 58 ஸ்லைடுகளை இருபதுக்குக் குறையுங்கள். வலிக்கும், தெரியும். ஐந்து வருட உழைப்பை 45 நிமிடத்தில் காட்டிவிட வேண்டும் என்ற தவிப்பு எல்லோருக்கும் வரும். எனக்கும் வந்தது. என் முதல் போஸ்ட்டாக் செமினாரில் மூன்று பேப்பர்களையும் அள்ளிப் போட்டுக்கொண்டு போனேன். பத்தாவது நிமிடத்தில் ஒரு மூத்த பேராசிரியர், மூன்றாவது ஸ்லைடில் இருந்த ஒரு குறியீடு என்னவென்று கேட்டார். அதை விளக்கப் போய் ஏழு நிமிடம் போயிற்று. அதன் பிறகு ஓட ஆரம்பித்தேன். எந்த முடிவுக்காக நான் இரண்டு வருடம் தூக்கமில்லாமல் இருந்தேனோ, அதற்கு இரண்டு நிமிடம்கூட மிஞ்சவில்லை. வேலை கிடைக்கவில்லை என்பதைவிட, அந்த முடிவை அங்கே இருந்த ஒருவருக்குக்கூடப் புரியவைக்காமல் வந்துவிட்டோமே என்ற வருத்தம்தான் ரொம்ப நாள் இருந்தது. உங்களுக்கு அது நடக்கக் கூடாது.

எதை வெட்டுவது? உங்கள் ஸ்லைடுகளை நான் பார்க்கவில்லை. ஆனால் நம் மாணவர்களின் ஸ்லைடுகளை நிறையப் பார்த்திருப்பதால் முதல் பத்தில் என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. 1935-இல் ஐன்ஸ்டைன், பொடோல்ஸ்கி, ரோசன், 1964-இல் பெல், 1994-இல் ஷோர், 2019-இல் கூகுளின் 53 க்யூபிட் சைகமோர், 2022-இல் ஆஸ்பே, கிளௌசர், சைலிங்கர் மூவருக்கும் நோபல் பரிசு. இதெல்லாம் அங்கே இருப்பவர்கள் மற்றவர்களுக்குப் பாடம் நடத்துகிற விஷயம். அப்படியே எடுத்துவிடுங்கள். தீசிஸின் அத்தியாயப் பட்டியல், பல்கலைக்கழக முத்திரை, "அவுட்லைன்" என்று ஒரு ஸ்லைடு, இவையும் வேண்டாம்.

நான்கு பேப்பர்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற மூன்றும் கடைசியில் ஒரே ஸ்லைடில் வந்தால் போதும். எந்தப் பேப்பர் என்று கேட்டால், மிகச் சிறிய எண்களை வைத்துக்கொண்டு முழு விஷயத்தையும் காட்ட முடிகிற பேப்பர். உங்கள் துறையில் அப்படி ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. அதை நான் உங்கள் இடத்தில் இருந்தால் எப்படிச் சொல்வேன் என்று எழுதுகிறேன்.

இரண்டு க்யூபிட்கள், ஒன்றையொன்று பாதிக்காமல் தனித்தனி இடத்தில் இருக்கின்றன. இரண்டும் பூஜ்யமாக இருக்க 5-இல் 1 பங்கு வாய்ப்பு, இரண்டும் ஒன்றாக இருக்க 5-இல் 4 பங்கு. இந்த இரண்டின் குவாண்டம் மேற்பொருந்தல்தான் (சூப்பர்பொசிஷன்) தொடக்க நிலை. இன்னொரு ஜோடிக்கு இதே பங்கைத் திருப்பிப் போடுங்கள்: இரண்டும் பூஜ்யம் 5-இல் 4, இரண்டும் ஒன்று 5-இல் 1. வூட்டர்ஸ் கொடுத்த 'கன்கரன்ஸ்' என்ற அளவுகோலால் அளந்தால் இரண்டு ஜோடிக்கும் பின்னல் ஒரே அளவு, 0.8. இனி இரைச்சலை விடுங்கள். ஒன்றில் இருக்கும் க்யூபிட் ஆற்றலை இழந்து பூஜ்யத்துக்கு விழுகிற சாதாரண இரைச்சல்தான். ஒவ்வொரு க்யூபிட்டும் விழுந்திருக்க சரிபாதி வாய்ப்பு உள்ள நேரத்தில், அதாவது ஒரு அரை ஆயுளில், நிறுத்திப் பாருங்கள்.

பின்னலுக்கான கணக்கில் இரண்டே எண்கள். ஒன்று, பூஜ்யம்-பூஜ்யத்துக்கும் ஒன்று-ஒன்றுக்கும் நடுவே மிச்சமிருக்கும் குவாண்டம் தொடர்பு. இன்னொன்று, ஜோடியில் ஒரு குறிப்பிட்ட க்யூபிட் மட்டும் விழுந்து மற்றது விழாமல் நிற்பதற்கான வாய்ப்பு. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்து இரண்டால் பெருக்கினால் கன்கரன்ஸ். கழித்தது பூஜ்யத்துக்குக் கீழே போனால் பின்னல் இல்லை என்று பொருள். இரண்டு ஜோடியிலும் தொடர்பு 0.4-இலிருந்து சரிபாதியாக, 0.2-ஆகக் குறைந்திருக்கிறது. இதில் வித்தியாசம் இல்லை. ஆனால் முதல் ஜோடியில் இரண்டாவது எண்ணும் 0.2. கழித்தால் பூஜ்யம். பின்னல் அந்தக் கணத்தில் முழுதாக அறுந்துவிட்டது. இரண்டாம் ஜோடியில் அந்த எண் வெறும் 0.05. கழித்தால் 0.15, கன்கரன்ஸ் 0.3. அது எவ்வளவு நேரம் போனாலும் தேய்ந்துகொண்டே போகுமே ஒழிய, முழுதாக அறுவதில்லை.

ஒரே வரைபடத்தில் இரண்டு கோடு. இரண்டும் 0.8-இல் கிளம்புகின்றன. ஒன்று அரை ஆயுளில் தரையைத் தொட்டு நின்றுவிடுகிறது, இன்னொன்று மெல்லச் சரிந்துகொண்டே போகிறது. தனித்தனியே பார்த்தால் எந்த க்யூபிட்டும் செத்துவிடவில்லை. முதல் ஜோடியில்கூட ஒவ்வொன்றும் 'ஒன்று' நிலையில் இருக்க இன்னும் 0.4 வாய்ப்பு உண்டு. அவற்றுக்கு நடுவே இருந்தது மட்டும் போய்விட்டது. 2004-இல் டிங் யூவும் ஜோசப் எபர்லியும் காட்டியது இதைத்தான். 'பின்னலின் திடீர் மரணம்' என்று பிறகு பெயர் பெற்றது. 2007-இல் ரியோ டி ஜெனீரோவில் லூயிஸ் டாவிடோவிச் குழுவினர் போட்டான்களை வைத்து இதைச் சோதனையில் பார்த்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லவில்லை. இதை ஒரு ஸ்லைடில், இரண்டு கழித்தல் கணக்கோடு, 12 நிமிடம் எடுத்துக்கொண்டு நிதானமாகச் சொல்லலாம் என்பதற்காகத்தான் எழுதினேன். "0.2-இல் 0.2 போனால் பூஜ்யம்" என்று நீங்கள் சொல்லும்போது அங்கே உட்கார்ந்திருக்கிற முதல் வருட மாணவர்கூட உங்களோடு வந்துவிடுவார்.

பிறகு, உங்கள் சொந்த வேலை. முதல் ஜோடியில் இரண்டு க்யூபிட்களையும் புரட்டிப் போட்டால் அது இரண்டாம் ஜோடியாகிவிடுகிறது. வேளையோடு புரட்டினால் மரணத்தைத் தவிர்க்கலாம், தாமதித்தால் முடியாது என்பதை 2008-இல் ராவ், மஸ்ஹர் அலி, ஆல்பர் மூவரும் எழுதினார்கள். உங்கள் ஆய்வு இந்த வரிசையில் அடுத்து வருவது என்று உங்கள் கடிதத்திலிருந்து புரிந்துகொள்கிறேன். அப்படியானால் "இதுவரை மற்றவர்கள் செய்தது இது, இங்கிருந்து நான் செய்தது இது" என்று அந்த இடத்தில் நின்று சொல்லுங்கள். "நாங்கள்" என்று மழுப்ப வேண்டாம். கைடு கொடுத்த யோசனை எது, கணக்கு யாருடையது, எந்தப் படியில் நீங்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டீர்கள், எப்படி வெளியே வந்தீர்கள் என்று சொல்லுங்கள். நம் ஊர் மாணவர்கள், அதிலும் பெண்கள், இந்த இடத்தில் பணிவு என்று நினைத்துத் தங்கள் பங்கை விழுங்கிவிடுகிறார்கள். கேட்பவருக்கு அது பணிவாகத் தெரிவதில்லை, வேலையை வேறு யாரோ செய்திருக்கிறார்கள் போலிருக்கிறது என்றுதான் தோன்றும்.

அவர்கள் கருவிக்காரர்கள், நான் பேப்பரும் பேனாவும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலையை எனக்கு ஒரு நன்மையாகத்தான் பார்க்கத் தோன்றுகிறது. நீங்கள் கணக்குப் போட்ட இரைச்சல் அவர்கள் கருவியில் தினமும் அளக்கப்படுகிறது. டி-ஒன் என்று அவர்கள் சொல்வது இந்த ஆற்றல் இழப்பின் காலத்தைத்தான். அவர்களுடைய சமீபத்திய இரண்டு பேப்பர்களை எடுத்து, அவர்கள் க்யூபிட்டின் டி-ஒன் எவ்வளவு, இரண்டு க்யூபிட்களுக்கும் அது ஒன்றா வேறா என்று பாருங்கள். அந்த எண்களை உங்கள் சூத்திரத்தில் போட்டு, கடைசிக்கு முந்தைய ஸ்லைடில் ஒரே ஒரு வரைபடம் வையுங்கள்: "உங்கள் கருவியில் இது இவ்வளவு நேரத்தில் நடக்க வேண்டும்." அவர்களுடைய நிஜமான இரைச்சல் உங்கள் மாதிரியைவிடச் சிக்கலாக இருக்கும், டி-டூ (குவாண்டம் தொடர்பு கலையும் காலம்) வேறு இருக்கும். பரவாயில்லை, அதையும் நீங்களே சொல்லிவிடுங்கள். இந்த ஒரு ஸ்லைடுக்காக ஒரு வாரம் செலவழித்தால் தகும்.

கிஸ்கிட் (குவாண்டம் கணினிக்கான மென்பொருள்) தெரியும் என்று பயோடேட்டாவில் போடலாமா என்று கேட்கிறவர்கள் பலர். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தெரிந்தால் போடுங்கள். பைத்தான் வந்தால், உங்கள் இரண்டு க்யூபிட் கணக்கைச் செய்து பார்க்க ஒரு வாரம் போதும்; செய்துவிட்டு, "இந்தக் கணக்கைச் செய்திருக்கிறேன்" என்று எழுதலாம். செய்யாததை எழுதினால் இரண்டாவது கேள்வியில் தெரிந்துவிடும்.

எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொன்னால் தரம் குறைந்துவிடுமோ என்ற பயம் நமக்கெல்லாம் உண்டு. 1984 டிசம்பரில் சார்ல்ஸ் பென்னட்டும் ஜில் பிரசாரும் குவாண்டம் சாவி பகிர்வுக்கான, அதாவது ரகசியச் செய்திக்கான சாவியை இருவர் பகிர்ந்துகொள்வதற்கான, முறையை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுக்க 'பிபி-84' என்று வழங்குவது அதுதான். அது வெளியானது ஏதோ பெரிய குவாண்டம் மாநாட்டில் இல்லை. நம் பெங்களூரில், கம்ப்யூட்டர், சிஸ்டம், சிக்னல் செயலாக்கம் பற்றிய ஒரு பொதுவான மாநாட்டில். அதற்கு விதை போட்ட ஸ்டீபன் வைஸ்னரின் கட்டுரை, எழுதிப் பல வருடம் வெளியிட ஆளில்லாமல் கிடந்து 1983-இல்தான் அச்சேறியது. துறைக்கு வெளியே இருப்பவர்கள் முன்னால் நின்று ஒன்றைச் சொல்வது நம் துறையில் பிறவியிலேயே இருக்கிற பழக்கம். உங்கள் குழுவிலும் பாதிப் பேர் உங்கள் தலைப்பில் வேலை செய்யாதவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்களுக்காகவும் பேசுங்கள்.

சரி, ஆங்கிலம். முதல் இரண்டு நிமிடத்துக்கு என்ன சொல்லப் போகிறீர்கள் என்பதை வார்த்தைக்கு வார்த்தை எழுதி மனப்பாடம் செய்யுங்கள். பதற்றம் அந்த இரண்டு நிமிடத்தில்தான். மற்றதை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு கேள்வி வந்தால் எல்லாம் கலைந்துவிடும். உங்கள் துறையில் எம்.எஸ்சி. படிக்கிற மூன்று பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, முதல் தடவை தமிழிலேயே பேசிக் காட்டுங்கள். நான் என் மாணவர்களிடம் இதைக் கட்டாயமாகச் செய்யச் சொல்கிறேன். தமிழில் சொல்ல முடியாமல் எங்கே திணறுகிறீர்களோ, அங்கே உங்களுக்கே விஷயம் முழுதாகப் பிடிபடவில்லை. ஆங்கிலம் அதை மூடி மறைத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பிறகு இரண்டு தடவை ஆங்கிலத்தில், கடிகாரம் வைத்துக்கொண்டு. 38 நிமிடத்தில் முடிய வேண்டும். நடுவில் கேள்வி வரும், மிச்சம் அதற்குத்தான் போகும்.

உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐரோப்பியக் குழுக்களில் ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர் ஒன்றிரண்டு பேர் இருந்தாலே அதிகம். நீங்கள் வேகமாகப் பேசுவதுதான் ஆபத்து. ஒவ்வொரு ஸ்லைடுக்கும் முன்னால் ஒரு மூச்சு விடுங்கள். கேள்வி புரியவில்லையா? மறுபடி சொல்லச் சொல்லிக் கேளுங்கள். புரிந்ததா என்று சந்தேகமா? "நீங்கள் கேட்பது இதுவா?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிக் கேளுங்கள். யோசிக்க நேரமும் கிடைக்கும்.

கட்டாயம் வரும் என்று நான் நினைக்கிற சில கேள்விகள்: ஏன் கன்கரன்ஸ், வேறு அளவுகோலில் அளந்தால் மரண நேரம் மாறுமா? சூழலுக்குக் கொஞ்சம் வெப்பநிலை இருந்தால் என்ன ஆகும்? சூழலுக்கு நினைவு இருந்தால் அறுந்த பின்னல் திரும்பி வருமா? இரண்டு க்யூபிட்டுக்கு மேல் போனால் என்ன செய்வீர்கள்? இவற்றில் முதலாவதுக்கு உங்களிடம் சுத்தமான பதில் இருக்க வேண்டும்: இரண்டு க்யூபிட்டுக்கு, பின்னல் இருக்கிறதா இல்லையா என்பதில் பெரெஸ்-ஹொரடெக்கி சோதனையும் கன்கரன்ஸும் ஒரே பதிலைத்தான் தரும், ஆகவே அறுகிற நேரம் மாறாது. கடைசிக் கேள்வி பொறி மாதிரித் தோன்றும், ஆனால் அது அன்பான கேள்வி. நீங்கள் வந்தால் என்ன வேலை செய்வீர்கள் என்று கேட்கிறார்கள். அதற்கு ஒரு ஸ்லைடு தயாராக வைத்திருங்கள்.

தெரியாத கேள்வி வந்தால் தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடாமல், "தெரியாது, நான் முதலில் இப்படிப் பார்ப்பேன்" என்று ஒரு படி எடுத்து வைத்துக் காட்டுங்கள். தேர்வுக் குழுவில் நான் கை தூக்கிய பல பேரை அந்த ஒரு படிக்காகத்தான் ஆதரித்தேன்.

நேரத்தைச் சரிபாருங்கள். மத்திய ஐரோப்பா கோடையில் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் நாலரை. மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை மாற்றுவார்கள். அந்த வாரத்தில் செமினார் விழுந்து, ஒரு மணி நேரம் தாமதமாக வந்த மாணவரை எனக்குத் தெரியும். உங்கள் மின்னஞ்சலில் இரண்டு ஊர் நேரத்தையும் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். கரண்ட் போனால் மொபைல் ஹாட்ஸ்பாட், லேப்டாப் முழு சார்ஜ். ஸ்லைடுகளின் பிடிஎஃப் முந்தின நாளே அவர்களுக்குப் போயிருக்கட்டும், உங்கள் திரை நின்றுபோனாலும் அவர்கள் பார்த்துக்கொண்டு கேட்கலாம்.

அறுபது மின்னஞ்சல்களுக்கு ஏன் பதில் வரவில்லை? எனக்கும் வாரா வாரம் அப்படி வருகிறது. "மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் புகழ்பெற்ற குழுவில் சேர ஆவலாக இருக்கிறேன், நான் கடின உழைப்பாளி" என்று தொடங்கும். பெயரை மாற்றினால் உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் போகக்கூடிய கடிதம் அது. அடுத்த முறை நாலே வரி எழுதுங்கள். உங்களுடைய இந்தப் பேப்பரில் இந்த முடிவைப் படித்தேன். என் பேப்பரில் இதைக் காட்டியிருக்கிறேன், ஆர்க்கைவ் (இணைய ஆய்வுக் கட்டுரைக் களஞ்சியம்) எண் இது. இரண்டையும் சேர்த்தால் இந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். இந்த மாதத்திலிருந்து வர முடியும், உங்களிடம் நிதி இல்லை என்றால் எந்த ஃபெல்லோஷிப்புக்குச் சேர்ந்து விண்ணப்பிக்கலாம்? அறுபது பேருக்கு ஒரே நாளில் இதை எழுத முடியாது. ஒரு நாளைக்கு ஒன்று எழுதலாம். பதினைந்து நாளில் பதினைந்து. அதற்கு அறுபதைவிடப் பலன் இருக்கும்.

ஃபெல்லோஷிப் என்றதும் உங்கள் வைவாதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஐரோப்பாவின் மேரி க்யூரி போஸ்ட்டாக் ஃபெல்லோஷிப்புக்கு, கடைசித் தேதிக்குள் தீசிஸை வாதாடி முடித்திருக்க வேண்டும். சான்றிதழ் பிறகு வரலாம், வைவா பிறகு வர முடியாது. போகிற நாட்டில் முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது என்ற விதி உங்களைத் தொடாது. பொதுவாக செப்டம்பரில் முடியும், அந்த வருட அறிவிப்பை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் ஹம்போல்ட் ஃபெல்லோஷிப்புக்குக் கடைசித் தேதியே கிடையாது, எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம், அங்கே உங்களை ஏற்றுக்கொள்ள ஒரு பேராசிரியர் சம்மதிக்க வேண்டும். எப்படியும் வைவாவைச் சீக்கிரம் முடித்துவிடுவது நல்லது. வெளித்தேர்வாளர் அறிக்கை எங்கே நிற்கிறது என்று பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் நேரில் போய்க் கேளுங்கள். கைடிடம் மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருக்காதீர்கள். வைவா முடிந்த அன்றே புரொவிஷனல் சான்றிதழுக்கு எழுதிக்கொடுங்கள்.

வெளிநாடு ஒன்றையே நம்பியிருக்கவும் வேண்டாம். 2023 ஏப்ரலில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 2031 வரைக்கும் 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். கணினிக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், தகவல் தொடர்புக்குச் சென்னை ஐஐடி, உணர்விகளுக்கு மும்பை ஐஐடி, பொருட்களுக்கும் சாதனங்களுக்கும் தில்லி ஐஐடி என்று நான்கு மையங்கள். உங்களைப் போன்ற கோட்பாட்டுக்காரர்களுக்குச் சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், பிரயாக்ராஜில் ஹரிஷ்-சந்திரா நிறுவனம், பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனம் எல்லாம் உண்டு. கணித அறிவியல் நிறுவனத்தில் ஆர். சைமன் 2000-இல் தொடர் மாறிகளுக்கான பின்னல் சோதனையைக் கொடுத்தார், உங்கள் தீசிஸில் அவர் பெயர் எங்காவது இருக்கும். மத்திய அரசுத் திட்டங்களில் ரிசர்ச் அசோசியேட் சம்பளம் 2023 முதல் மாதம் 58,000 ரூபாயில் தொடங்குகிறது, வீட்டு வாடகைப் படி தனி. இந்த நிறுவனங்களில் ஒன்றுக்கு எழுதி, இதே செமினாரை ஒத்திகையாகவே கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். ஐரோப்பியக் குழு முன்னால் பேசுவதற்கு ஒரு வாரம் முன்னால் தரமணியில் ஒரு தடவை பேசிவிட்டால் உங்கள் பாதிப் பயம் போய்விடும்.

கல்லூரி வேலைக்கு வருகிறேன். அம்மா சொல்வதில் தப்பே இல்லை. ஐந்து வருடம் ஸ்டைபண்டில் ஓட்டிய மகளுக்கு ஒரு நிலையான சம்பளம் வர வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றாது? ஆனால் பொறியியல் கல்லூரியில் சேர்ந்த பிறகு வாரத்துக்கு எத்தனை வகுப்பு, எத்தனை விடைத்தாள், அட்மிஷன் காலத்தில் என்னென்ன வேலை என்று அங்கே இப்போது இருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஒரு வருடம் ஆய்வை விட்டுவிட்டால் திரும்ப வருவது கஷ்டம், நம் துறை அவ்வளவு வேகமாக ஓடுகிறது. என் யோசனை இது: சேரும் தேதியை அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்துக்குத் தள்ளிக் கேளுங்கள். அதற்குள் செமினார் முடிந்திருக்கும், வைவாவும் முடிந்திருக்கும், வேறு பத்துப் பதினைந்து கடிதங்கள் போயிருக்கும். தள்ள மாட்டோம் என்றால் சேருங்கள், வீட்டுச் சூழ்நிலை உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் எந்தக் காரணத்துக்காகவும் ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி அலுவலகத்தில் கொடுத்து வைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு அன்றே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். நகல் கொடுங்கள். இத்தனை வருடம் வேலை செய்தே தீர வேண்டும் என்று எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். போஸ்ட்டாக் கையில் வந்த பிறகு, விசாவுக்குக் காட்ட ஒரிஜினல் இல்லாமல் அலைந்த ஒரு பெண்ணின் கண்ணீரை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் ஒரு மாலை உட்கார்ந்து, எத்தனை மாதம் முயற்சி செய்யப் போகிறீர்கள் என்பதை ஒரு தேதியோடு சொல்லிவிடுங்கள். "முயற்சி பண்றேன்மா" என்று மட்டும் சொன்னால் அவருக்கு அது முடிவே இல்லாத ஒன்றாகத் தெரியும். அடுத்த டிசம்பர் வரைக்கும் என்று சொன்னால் அவரும் உங்களோடு சேர்ந்து காத்திருப்பார்.

செமினார் நாளன்று கூடவே ஒரு நோட்டை வைத்துக்கொள்ளுங்கள். யார் என்ன கேட்டார் என்று கேட்ட உடனே ஒரு வரி குறியுங்கள். முடிந்ததும் கொஞ்சம் படுத்து எழுந்துவிட்டு, உங்களால் பதில் சொல்ல முடியாமல் போன ஒரு கேள்வியை மட்டும் எடுத்து அன்று இரவே போட்டுப் பாருங்கள். பாதி விடை வந்தாலும் போதும். அதை மறுநாள் காலை அந்தக் கேள்வி கேட்டவருக்கு, குழுத் தலைவருக்கும் ஒரு நகலோடு, அரைப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.

அனுப்பிவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள். 38 நிமிடத்தில் முடிந்ததா என்று தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.